ஃபீஸ் வாங்காத குரு... பள்ளியை விட்ட சிஷ்யன்! பாக்கோ டி லூசியா கிட்டார் கற்ற கதை

கிட்டார் கத்துக்க எவ்வளவு செலவாகும்? யாரைக் கேட்டாலும் உடனே ஒரு கணக்கு சொல்லிடுவாங்க. கிட்டார் விலை இவ்வளவு, மாச ஃபீஸ் இவ்வளவு, கம்பி அறுந்தா மாத்த இவ்வளவுன்னு. ஆனா, ஸ்பெயினின் தென்கோடியில் ஒரு வீட்டில் இந்தக் கணக்கே வேறு மாதிரி இருந்தது. அங்கே ஃபீஸ் என்று ஒரு காசுகூடக் கைமாறவில்லை. குரு வீட்டுக்குள்ளேயே இருந்தார். ஆனா, அந்த வீட்டுச் சின்னப் பையன் அந்தப் பாடத்துக்காகக் கொடுத்த விலை ரொம்பப் பெரிசு.

அந்தப் பையன்தான் பாக்கோ டி லூசியா. மதுக்கடை மூலைகளிலும் பணக்காரர்களின் ராத்திரி விருந்துகளிலும் பாடகருக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிக்கப்பட்ட ஃபிளமெங்கோ கிட்டாரை, உலகத்தின் பெரிய மேடைகளுக்கு நடுவில் கொண்டுவந்து வைத்தவர். அவர் மறைந்து 10 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனா, ஃபிளமெங்கோ கிட்டார் கத்துக்க உட்காருகிற எவரும் இன்னைக்கும் அவரைத் தாண்டிப் போக முடியாது. அவர் எப்படி வாசித்தார் என்பதை யூடியூப்பில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். எப்படிக் கற்றுக்கொண்டார் என்பதுதான் இன்னும் சுவாரஸ்யமான கதை.

லூசியா வீட்டு பாக்கோ

1947 டிசம்பர் 21. காடிஸ் மாகாணத்தில் உள்ள அல்ஹெசிராஸ் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஃபிரான்சிஸ்கோ சான்செஸ் கோமெஸ். ஸ்பெயினில் ஃபிரான்சிஸ்கோ என்று பெயர் வைத்தால் கூப்பிடுவது பாக்கோ என்றுதான். தெருவில் ஏகப்பட்ட பாக்கோக்கள் இருந்ததால், அடையாளத்துக்கு அம்மா பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். அம்மா லூசியா, போர்ச்சுகலைச் சேர்ந்தவர். அப்படி வந்த தெருப் பெயர்தான் பாக்கோ டி லூசியா, அதாவது லூசியாவின் பாக்கோ. பிறகு உலகமே அவரை அந்தப் பெயரில்தான் கூப்பிட்டது.

உள்நாட்டுப் போர் 1939-ல் முடிந்திருந்தாலும், அதற்குப் பிறகு வந்த பஞ்சமும் வறுமையும் ஸ்பெயினை விட்டுப் போகாத காலம் அது. அப்பா அன்டோனியோ சான்செஸ் பகலில் சந்தையில் துணி விற்பார். ராத்திரியில் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். விருந்து நடத்தும் பணக்காரர்களுக்காகப் பாடகர்கள் பாட, இவர் கூட வாசிப்பார். விடியும்போதுதான் வீட்டுக்கு வருவார். கையில் காசு இருக்குமா, இருக்காதா என்பது அன்னைக்கு விருந்து கொடுத்தவரின் மனசைப் பொறுத்தது. சில நாள் கூடவே பாடகர்களையும் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவார். பிள்ளைகள் கண் விழிக்கும்போதே வீட்டில் பாட்டு நடந்துகொண்டிருக்கும்.

தன்னால் எட்ட முடியாத உயரம் எதுவென்று அன்டோனியோவுக்குத் தெரியும். அந்த உயரத்துக்குப் பிள்ளைகளையாவது ஏற்றிவிடணும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். மூத்த மகன் ரமோன் கிட்டார் கலைஞர் ஆனார். பெப்பே பாடகர் ஆனார். கடைக்குட்டி பாக்கோதான் அப்பாவின் பெரிய பந்தயம்.

கையில் எடுக்கும் முன்பே காதில் இருந்தது

ஃபிளமெங்கோவில் முதல் பாடம் விரல்களுக்கு இல்லை. தாளத்துக்கு. அதை கொம்பாஸ் என்பார்கள். உதாரணத்துக்கு, சொலேயா, புலேரியா என்ற இரண்டு முக்கிய வகைகளும் 12 எண்ணிக்கை கொண்ட சுற்றில் போகும். ஆனா, எல்லா எண்ணிக்கைக்கும் ஒரே அழுத்தம் கிடையாது. வழக்கமாக 3, 6, 8, 10, 12 ஆகிய இடங்களில்தான் அழுத்தம் விழும். முதலில் மூன்று மூன்றாக நடந்து, பிறகு இரண்டு இரண்டாக ஓடுகிற மாதிரி இருக்கும். படிக்க ஈஸியாகத் தெரியும். ஒரு நிமிஷம் கை தட்டிப் பாருங்க, எட்டில் தடுமாறுவீங்க!

பாடகர் நினைத்த இடத்தில் இழுப்பார், நினைத்த இடத்தில் நிறுத்துவார். ஆடுபவர் திடீரென்று வேகம் ஏற்றுவார். எது நடந்தாலும் கிட்டார்காரர் அந்தச் சுற்றுக்குள்ளேயே இருக்கணும். எவ்வளவு வேகமாக வாசித்தாலும், கொம்பாஸ் தவறினால் அந்த உலகத்தில் மதிப்பு கிடையாது.

பாக்கோவுக்கு இதை யாரும் போர்டில் எழுதிச் சொல்லித்தரவில்லை. குழந்தை பேச்சைப் பிடித்துக்கொள்வதுபோல, வீட்டில் கேட்டுக் கேட்டே தாளம் அவருக்குள் போய்விட்டது. கிட்டாரைக் கையில் வாங்கும்போதே எல்லாத் தாளமும் அவர் காதில் இருந்தது. அதனால் அவருடைய பயிற்சிக் காலத்தை, முதல் கம்பியை மீட்டிய நாளிலிருந்து கணக்கு போடுவது சரியில்லை. அதற்கு முன்னால் சும்மா உட்கார்ந்து கேட்ட வருஷங்களும் சேர்ந்துதான் அது.

12 மணி நேரம், தினமும்

ஐந்து வயதில் பாடம் ஆரம்பமானது. அப்பா கண்டிப்பானவர். கண்டிப்பு என்றால் சாதாரணக் கண்டிப்பு இல்லை. ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரைக்கும் பயிற்சி போகும். ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை என்று எந்த விதிவிலக்கும் கிடையாது.

அவ்வளவு நேரம் அப்படி என்னதான் வாசிப்பது? ஃபிளமெங்கோவில் வலது கைக்கு மட்டுமே தனித்தனி வித்தைகள் இருக்கின்றன. விரல்களை ஒவ்வொன்றாக விசிறிபோல் விரித்துக் கம்பிகள் மேல் அடிப்பது ரஸ்கேயாடோ. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி ஒற்றைக் கம்பியில் ஓடுவது பிக்காடோ. கட்டைவிரல் மட்டும் மேலும் கீழும் போய் வருவது அல்சாபுவா. இதற்கு நடுவில் கிட்டாரின் உடம்பிலேயே விரலால் தட்டித் தாளமும் கொடுக்கணும். ஒவ்வொன்றையும் மெதுவாக, சுத்தமாக, ஆயிரக்கணக்கான தடவை செய்தால்தான் கை யோசிக்காமல் செய்யும். பிற்காலத்தில் உலகம் வாயைப் பிளந்து பார்த்த பாக்கோவின் பிக்காடோ வேகம், அல்ஹெசிராஸ் வீட்டில் இப்படி மெதுவாக வாசித்து வாசித்து வந்ததுதான்.

ஒரு கட்டத்தில் அப்பா அவரைப் பள்ளியிலிருந்தே நிறுத்திவிட்டார். எழுதப் படிக்க, கணக்குப் போடத் தெரிந்தால் போதும் என்பது அவர் எண்ணம். பல வருஷம் படிக்கவைக்கிற அளவுக்கு வீட்டில் காசு இல்லை. கிட்டாரோ சீக்கிரமே சோறு போடும்.

இன்னைக்கு இதைப் படிக்கும்போது நமக்குச் சுருக்கென்று இருக்கும். இருக்கணும். தெருவில் மற்ற பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்க, வீட்டுக்குள் ஒரு சின்னப் பையன் மணிக்கணக்கில் ஒரே பிக்காடோவை ஓட்டிக்கொண்டிருக்கிறான். ஃபீஸ் என்பது பணமாக மட்டும்தான் இருக்கணும் என்று இல்லை. இங்கே அது ஒரு பையனின் விளையாட்டு நேரமாக, அவன் படிக்காமல் விட்ட பாடங்களாக இருந்தது. அந்த விலையைக் கொடுக்கலாமா, வேண்டாமா என்று முடிவெடுத்ததும் அந்தப் பையன் இல்லை. அப்பாவின் மேல் பாக்கோ கடைசிவரை மரியாதை வைத்திருந்தார் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் இந்தக் கதையைப் பார்க்கணும்.

அண்ணன் சுமந்து வந்த பொக்கிஷம்

அந்தக் காலத்தில் ஃபிளமெங்கோ கிட்டாரின் பெரிய குரு, செவில்யா நகரத்து நின்யோ ரிக்கார்டோ. அவருடைய வாசிப்பை எழுத்தில் பார்த்துக் கற்க வழி கிடையாது. நேரில் கேட்கணும், விரலைப் பார்க்கணும், மனசில் ஏற்றிக்கொள்ளணும். அண்ணன் ரமோனுக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது. புகழ்பெற்ற பாடகர் ஹுவானிட்டோ வால்டெர்ராமாவின் குழுவில் அவர் சேர்ந்தார். அங்கேதான் நின்யோ ரிக்கார்டோவும் வாசித்துக்கொண்டிருந்தார்.

ஊர் ஊராகப் போய்விட்டு வீடு திரும்பும்போதெல்லாம் ரமோன் கொண்டுவந்தது ஃபால்செட்டாக்களை. பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் கிட்டார் தனியாகப் பேசுகிற சின்னச் சின்ன இசைத்துண்டுக்குத்தான் ஃபால்செட்டா என்று பெயர். ஒரு கிட்டார்காரரின் சொத்தே அவரிடம் எத்தனை நல்ல ஃபால்செட்டா இருக்கிறது என்பதுதான். அப்படிப்பட்ட சொத்தை அண்ணன் தன் தம்பிக்கு அப்படியே அள்ளிக் கொடுத்தார்.

தம்பியோ, கஷ்டமான துண்டுகளையும் சீக்கிரமே பிடித்துக்கொண்டதோடு நிற்கவில்லை. தனக்குப் பிடித்த மாதிரி அங்கங்கே மாற்றவும் ஆரம்பித்தான். ரமோனுக்குக் கோபம் வந்தது. அவருக்கு ரிக்கார்டோவின் வாசிப்பு வேதம் மாதிரி. அதில் கை வைப்பது திமிர் என்றே நினைத்தார். ஆனா, கொஞ்ச நாளிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. இது திமிர் இல்லை. இந்தப் பையன் காதில் வேறு ஏதோ கேட்கிறது!

பதின்ம வயதில் பாக்கோவும் பெப்பேயும் ஜோடியாக மேடை ஏறினார்கள். ஒருவர் பாட, ஒருவர் வாசிக்க, அல்ஹெசிராஸின் பொடியன்கள் என்ற பெயரில் ரெக்கார்டும் வெளிவந்தது. வீட்டுக்குக் காசு வர ஆரம்பித்தது. அப்பாவின் பந்தயம் ஜெயிக்கிற மாதிரி தெரிந்தது.

நியூயார்க்கில் கிடைத்த ஒரே ஒரு பாடம்

1963-ல் ஹொசே கிரேக்கோவின் நடனக் குழுவோடு பாக்கோ அமெரிக்கா போனார். அப்போது வயசு 15. நியூயார்க்கில் சபிகாஸ் என்ற மேதையைச் சந்தித்தார். பாம்ப்லோனா ஊரில் பிறந்த சபிகாஸ், உள்நாட்டுப் போர் வெடித்தபோது ஸ்பெயினை விட்டு வெளியேறியவர். பல நாடுகள் சுற்றி, கடைசியில் நியூயார்க்கில் தங்கிவிட்டார். ஃபிளமெங்கோ கிட்டாரைத் தனிக் கச்சேரியாக உலகத்துக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர்.

பையன் வாசித்துக் காட்டினான். எல்லாம் ரிக்கார்டோவின் பாணி. கேட்டு முடித்த சபிகாஸ் சொன்னது ஒரே ஒரு விஷயம்தான். கிட்டார்காரன் அடுத்தவர் இசையை வாசித்துக்கொண்டே இருக்கக் கூடாது, சொந்தமாக உருவாக்கணும்.

யோசித்துப் பாருங்க. தினமும் 12 மணி நேரம் வரை உட்கார்ந்து, அண்ணன் வழியாக ஒரு குருவின் சொத்து முழுவதையும் கையில் ஏற்றிவைத்திருக்கிற பையனிடம், அதைக் கீழே வைத்துவிட்டு வா என்று சொன்னால் எப்படி இருக்கும்? சுருக்கென்றுதான் இருந்தது. ஆனா, அந்த வார்த்தையை அவர் விடவில்லை. ரிக்கார்டோவின் ரசிகனாக அமெரிக்கா போனவர், தன் சொந்தக் குரலைத் தேட ஆரம்பித்தார். 1967-ல் அவருடைய முதல் தனி ஆல்பம் வெளிவந்தது.

இதில் ஒன்றைக் கவனிக்கணும். அந்தப் பாடம் வேலை செய்ததற்குக் காரணம், அதற்கு முந்தைய பத்து வருஷம். கையில் ஒன்றும் இல்லாதவரிடம் சொந்தமாகச் செய் என்றால் அவர் தடவிக்கொண்டுதான் இருப்பார். பாக்கோவிடம் விட்டுவிட்டு வருவதற்கு ஒரு மலையே இருந்தது.

மிச்ச இடத்தில் பிறந்த ஹிட்

1969-லிருந்து பாடகர் கமரோன் டி லா இஸ்லாவோடு சேர்ந்து பாக்கோ வரிசையாக ஆல்பங்கள் செய்தார். பழைய மரபில் ஊறிய இரண்டு இளைஞர்கள், அதே மரபைப் புதிசாக்கிய கூட்டணி அது. பழமைவாதிகள் முகம் சுளித்தார்கள். இளைஞர்கள் கொண்டாடினார்கள்.

1973-ல் வந்த ஒரு தனி ஆல்பத்தில், இடம் மிச்சம் இருந்ததால் கடைசி நேரத்தில் ஒரு ரும்பாவை வாசித்துச் சேர்த்தார். அதன் பெயர் 'என்ட்ரே டோஸ் அகுவாஸ்'. இரண்டு நீர்களுக்கு நடுவே என்று அர்த்தம். ஒரு பக்கம் மத்தியதரைக் கடல், மறுபக்கம் அட்லான்டிக் என இருக்கிற அவர் ஊருக்கே பொருத்தமான பெயர். பாடல் வரி எதுவும் இல்லாத அந்த கிட்டார் இசை, ஸ்பெயின் முழுக்க ஹிட் அடித்தது.

1975 பிப்ரவரியில் மாட்ரிட்டின் டியாட்ரோ ரியல் அரங்கில் வாசித்தார். மேற்கத்தியச் செவ்விசைக்காரர்களின் கோட்டை அது. விடிய விடிய அடுத்தவர் விருந்தில் வாசித்துவிட்டு, கூலி கிடைக்குமா என்று காத்திருந்த ஒரு துணி வியாபாரியின் மகன், அங்கே கிட்டாரோடு உட்கார்ந்தார். அன்டோனியோவின் பந்தயம் அந்த ராத்திரி முழுசாக ஜெயித்தது.

32 வயசில் மறுபடியும் மாணவன்

இதற்கு மேல் ஒருவருக்கு என்ன வேணும்? அதே வட்டத்துக்குள் ராஜாவாக இருந்திருக்கலாம். பாக்கோ போய் மாட்டிக்கொண்டது ஜாஸ் இசைக்காரர்களிடம்.

ஆங்கிலேய கிட்டார் மேதை ஜான் மெக்லாக்லினோடு சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தார். நம் விக்கு விநாயக்ராமின் கடத்தோடும் எல்.சங்கரின் வயலினோடும் 'சக்தி' குழுவில் வாசித்தாரே, அதே மெக்லாக்லின்தான். கூடவே அமெரிக்காவின் அல் டி மியோலா. மூன்று பேரும் 1980 டிசம்பர் 5-ம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவில் வாசித்த கச்சேரி ஆல்பமாக வந்து, கிட்டார் உலகத்தின் முக்கியமான ரெக்கார்டுகளில் ஒன்றானது.

மேடையில் மூன்று பேரும் சிரித்துக்கொண்டே ஒருவரை ஒருவர் துரத்துவது போல இருக்கும். உள்ளுக்குள் பாக்கோ திணறிக்கொண்டிருந்தார். அவருக்கு இசைக் கோட்பாடு தெரியாது, ஸ்வரக்கட்டுகளின் பெயர்கள் தெரியாது. ஜாஸ்காரர்கள் நினைத்த நேரத்தில் புதுசு புதுசாக வாசித்துக்கொண்டே போவார்கள். அடுத்து எங்கே போவது என்று யோசித்து யோசித்தே அவருக்குத் தலைவலியும் முதுகுவலியும் வந்தன. மற்ற இருவரும் தன்னிடம் கற்றதைவிட, தான் அவர்களிடம் கற்றதுதான் அதிகம் என்று பிறகு வெளிப்படையாகவே சொன்னார். உலகப் புகழ் வந்த பிறகு, தனக்குத் தெரியாத இடத்தில் போய் உட்காருவதும் ஒரு ஃபீஸ்தான். அதை இந்த முறை அவரே விரும்பிக் கட்டினார்.

1991-ல் இன்னொரு பரீட்சை. ஹோக்கின் ரோட்ரிகோவின் புகழ்பெற்ற 'அரன்ஹுவெஸ்' கான்செர்ட்டோவை ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்தார். அது முழுக்க எழுதப்பட்ட இசை. பாக்கோவோ நோட்ஸை சரளமாகப் படிக்கத் தெரியாமலே வளர்ந்தவர். ஒவ்வொரு ஸ்வரமாகத் தேடிப் பிடித்து மனசில் ஏற்றினார். கேட்க வந்தவர்களில் ஒருவர், 89 வயசான ரோட்ரிகோ!

பாட நினைத்த பையன்

இவ்வளவு சாதித்தவரின் மனசில் இன்னொரு ஆசை இருந்தது. சின்ன வயசில் அவர் ஆக நினைத்தது பாடகராக. கூச்சம் விடவில்லை. கிட்டாருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். விரல்களில் ஆயிரம் மணி நேரப் பயிற்சியை ஏற்றிய அந்த வீடு, அந்தக் கூச்சத்துக்கு மருந்து தரவில்லை.

1992-ல் கமரோன் இறந்தபோது பாக்கோ உடைந்துபோனார். பல கச்சேரிகளை ரத்து செய்தார். கிட்டாரையே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார். 1994-ல் அப்பா மறைந்தார். அடுத்து அம்மாவும் போய்விட, 1998-ல் வந்த ஆல்பத்துக்கு அம்மாவின் பெயரையே வைத்தார். 'லூசியா'. அந்த ஆல்பத்தில் உலகம் அதுவரை எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. பாக்கோ பாடியிருந்தார். 50 வயசில், பெரிய பாடகரின் குரல் இல்லாமல், ஆனா ஒளிந்துகொள்ளாமல்.

2014 பிப்ரவரி 25. மெக்சிகோவில் மாரடைப்பால் இறந்தார். வயசு 66. உடல் அல்ஹெசிராஸுக்குக் கொண்டுவரப்பட்டது, அங்கேயே அடக்கம் செய்தார்கள். கடைசியாக அவர் முடித்துவைத்திருந்த ஆல்பம் அவர் போன பிறகு வெளிவந்தது. அதில் இருந்தவை அவர் சின்ன வயசில் கேட்டு வளர்ந்த பழைய ஸ்பானியப் பாட்டுகள். லத்தீன் கிராமி அந்த வருஷத்தின் சிறந்த ஆல்பம் என்று அதைத் தேர்ந்தெடுத்தது.

அப்போ, விலை சரிதானா?

பாக்கோ ஜெயித்ததால் அப்பா செய்தது சரி என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனா, அதே மாதிரி மணிக்கணக்கில் உட்காரவைக்கப்பட்டு, பள்ளியும் போய், பெயரும் வராமல் போன பிள்ளைகளைப் பற்றி யாரும் புத்தகம் எழுதுவதில்லை. அதனால் இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த 12 மணி நேரக் கணக்கை இல்லை.

எடுத்துக்கொள்ள வேறு விஷயங்கள் இருக்கின்றன. வாசிக்கும் முன்னால் நிறையக் கேட்டார். ஒரு குருவின் வழியை முழுசாகக் கற்ற பிறகுதான் அதை விட்டு வெளியே வந்தார். பெயர் வந்த பிறகும், தெரியாத இடத்தில் மாணவனாகப் போய் உட்காரக் கூச்சப்படவில்லை. இந்த மூன்றுக்கும் பள்ளியை விட வேண்டியதில்லை, பால்யத்தைப் பறிகொடுக்க வேண்டியதும் இல்லை. பொறுமை மட்டும் வேணும்.

கிட்டார் கையில் இல்லையா? பரவாயில்லை. இன்னைக்கு ராத்திரி ஹெட்போனில் பாக்கோவின் ஒரு புலேரியாவைப் போட்டு, 12 வரை எண்ணிக் கை தட்ட முயற்சி பண்ணுங்க. முதல் நாள் வராது. இரண்டாவது நாளும் வராது. அல்ஹெசிராஸ் வீட்டுப் பையனுக்கும் பாடம் அப்படிக் கேட்பதில்தான் ஆரம்பித்தது.